மலைக்குளிரில் கார் இன்ஜின் சூடேறத் தாமதமாகிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நவம்பர் நடுவில் தொடங்கிப் பிப்ரவரி வரைக்கும் நீலகிரியில் நீர்ப்பனியும் உறைபனியும் மாறி மாறி இறங்குகின்றன. தலைக்குந்தா, காந்தள், அவலாஞ்சி போன்ற பள்ளமான இடங்களில் விடியற்காலையில் புல்வெளி உப்புத் தூவியதுபோல் வெளுத்துக் கிடக்கும். வெளியில் நிறுத்திய காரின் கூரையில் விரலால் பெயர் எழுதினால் வெயில் ஏறும்வரை அது அழியாமல் நிற்கும். ஊட்டியில் நான் நடத்தும் சிறிய பட்டறைக்கு இந்த மாதங்களில் வரும் கார்கள் பலவற்றுக்கு ஒரே குறைதான்: இன்ஜின் சூடேற வெகுநேரம் ஆகிறது, ஹீட்டரைப் போட்டால் குளிர்ந்த காற்றே வருகிறது, மைலேஜ் குறைந்துவிட்டது. உள்ளூர்க்காரர்களும், சமவெளியிலிருந்து மாற்றலாகி வண்டியோடு இங்கே வந்தவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதிவைக்கிறேன்.

குளிர்காலத்தில் இன்ஜின் சூடேற எவ்வளவு நேரம் ஆவது இயல்பு?

வெளியே 5 டிகிரி செல்சியஸ் இருக்கும் காலையில், நல்ல நிலையில் உள்ள சிறிய பெட்ரோல் கார், ஓட்டத் தொடங்கிய 5 முதல் 8 நிமிடங்களுக்குள் டெம்பரேச்சர் முள்ளை அதன் வழக்கமான இடத்துக்குக் கொண்டுவந்துவிடும். டீசல் காருக்கு 10 முதல் 15 நிமிடங்கள் ஆகலாம். முள் இல்லாமல் நீல நிற விளக்கு மட்டும் உள்ள கார்களில் அந்த விளக்கு இதற்கும் முன்பாகவே அணைந்துவிடும். ஆகவே விளக்கு அணைந்ததை வைத்து இன்ஜின் முழுச் சூட்டுக்கு வந்துவிட்டதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இருபது நிமிடம் ஓட்டியும் முள் பாதிக்குக் கீழேயே நிற்கிறது என்றால், "ஊட்டிக் குளிர் அப்படி" என்று சமாதானம் சொல்லிக்கொள்ளக் கூடாது. நம் ஊரில் ஓடும் அதே கார்கள்தான், நம் குளிரெல்லாம் குளிரே அல்ல என்று சொல்லத்தக்க காஷ்மீரிலும் லடாக்கிலும் ஓடுகின்றன. அங்கே அவை சூடேறத்தான் செய்கின்றன. எனவே, நீலகிரியில் ஒரு கார் சூடேறவில்லை என்றால் குளிரின் மேல் பழி போடுவதற்கு முன்னால் காரில் உள்ள குறையைத் தேட வேண்டும். இந்தப் பக்கத்தில் நான் சொல்ல வருவதில் முக்கியமானது இதுதான்.

ஒன்றைக் கவனியுங்கள்: சோதித்துப் பார்க்க இறக்கமான சாலையைத் தேர்ந்தெடுக்காதீர்கள். ஊட்டியிலிருந்து குன்னூர் நோக்கி இறங்கும்போது இன்ஜினுக்குச் சுமையே இருப்பதில்லை என்பதால் நல்ல காரும் தாமதமாகவே சூடேறும். சேரிங்கிராஸிலிருந்து கோத்தகிரி சாலையில் தொட்டபெட்டா சந்திப்பு வரை உள்ள ஏற்றத்தில் ஓட்டிப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

சூடேறுவதைத் தீர்மானிப்பது எது? தெர்மோஸ்டாட் என்பது என்ன?

இன்ஜினில் எரியும் எரிபொருளின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்தைச் சுழற்றும் வேலையாகிறது. இன்னொரு பங்கு புகையோடு வெளியேறுகிறது. மீதிப் பங்கை, இன்ஜினைக் குளிர்விக்க அதற்குள் ஓடும் திரவமான கூலன்ட் சுமந்துகொண்டு போகிறது. கூலன்ட் சுற்றிவர இரண்டு வழிகள் உண்டு. இன்ஜினுக்குள்ளும் டேஷ்போர்டுக்குப் பின்னால் உள்ள ஹீட்டர் பகுதிக்குள்ளும் மட்டும் சுற்றும் சிறிய வழி ஒன்று. ரேடியேட்டர் வரை சென்று குளிர்ந்து திரும்பும் பெரிய வழி மற்றொன்று. காலையில் வண்டியைக் கிளப்பியதும் பெரிய வழி மூடியிருக்க வேண்டும். அதை மூடிவைத்திருக்கும் கதவுதான் தெர்மோஸ்டாட்.

உள்ளங்கையில் அடங்கும் அளவுள்ள இந்தப் பொருளின் நடுவே பித்தளை அல்லது செம்பால் ஆன ஒரு சிறு குப்பி இருக்கும். அதற்குள் மெழுகு அடைத்திருப்பார்கள். கூலன்ட் குறிப்பிட்ட சூட்டை எட்டும்போது மெழுகு உருகி விரிந்து, ஒரு மெல்லிய தண்டைத் தள்ளுகிறது. சுருள்வில்லின் எதிர்ப்பை மீறி வால்வு திறக்கிறது. சூடு தணிந்தால் மெழுகு சுருங்கும், சுருள்வில் வால்வைத் திரும்ப மூடிவிடும். மின்சாரமோ கணினியோ தேவைப்படாத எளிமையான ஏற்பாடு இது. பல கார்களில் வால்வு திறக்கத் தொடங்கும் சூடு 82 முதல் 88 டிகிரிக்குள் இருக்கும். அந்த எண்ணை விளிம்பிலோ குப்பியின் அடியிலோ பொறித்திருப்பார்கள். முழுவதும் திறக்க அதற்கு மேல் இன்னும் 10 முதல் 15 டிகிரி வேண்டும்.

வால்வு பாதி திறந்த நிலையில் சிக்கிக்கொண்டால், கூலன்ட் முதல் நிமிடத்திலிருந்தே ரேடியேட்டருக்குப் போய்க் குளிர்ந்து வருகிறது. அடுப்பைப் பற்றவைத்துவிட்டுப் பானைக்குள் பச்சைத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருப்பதைப் போன்றது அது.

சமவெளியில் இன்ஜின் சூடாகிறது என்று தெர்மோஸ்டாட்டையே கழற்றிவிட்டார்கள். அது தவறா?

தவறுதான். நம் நாட்டில் இது அவ்வளவு பரவலாக நடக்கிறது என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

சென்ற டிசம்பரில் சமவெளி நகரம் ஒன்றிலிருந்து இங்கே வேலை மாற்றலாகி வந்த ஓர் ஆசிரியை தம் காரைக் கொண்டுவந்தார். கீழே ஓடியவரை குறையில்லை, மலைக்கு வந்தபின் மைலேஜ் 17-லிருந்து 12-க்கு இறங்கிவிட்டது, காலையில் இரண்டாம் கியரில் வண்டி இழுத்து இழுத்துப் போகிறது, கண்ணாடியில் படியும் ஆவி போவதே இல்லை என்றார். தெர்மோஸ்டாட் உறையைத் திறந்தபோது அதற்குள் ரப்பர் வளையம் மட்டும் இருந்தது, தெர்மோஸ்டாட் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் கோடைக்காலத்தில் முள் சிவப்புக்கு ஏறியது என்று காட்டியபோது, அங்கிருந்த பட்டறையில் அதைக் கழற்றி வீசிவிட்டு, "இனிமேல் பிரச்சினையே வராது" என்று அனுப்பியிருக்கிறார்கள். உறையின் உட்புறத்தில் போர்வெல் தண்ணீரின் சுண்ணாம்புப் படிவு அரை மில்லிமீட்டருக்கு ஏறியிருந்தது. உண்மையில் அடைத்திருந்தது ரேடியேட்டர். தண்டனை பெற்றதோ தெர்மோஸ்டாட்.

கழற்றிவிட்டால் என்ன ஆகிறது? கூலன்ட் எப்போதும் ரேடியேட்டர் வழியாகவே ஓடுவதால், குளிர்ந்த காலையில் அது 50, 60 டிகிரியைத் தாண்டாமலே போகலாம். சூட்டை அளக்கும் சென்சார் "இன்ஜின் இன்னும் குளிர்ந்தே இருக்கிறது" என்று கணினிக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். கணினியும் கூடுதல் பெட்ரோலைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் உள்ள ஆயில் படலத்தைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி, இன்ஜின் ஆயிலில் கலந்து அதை நீர்த்துப்போகச் செய்யும். பிஸ்டன் வளையங்களும் சிலிண்டரும் தேய்வது இப்படித்தான்.

பலருக்கும் தெரியாத இன்னொன்றும் உண்டு. பல இன்ஜின்களில் தெர்மோஸ்டாட்டின் அடிப்பக்கத்தில் இரண்டாவது தட்டு ஒன்று இருக்கும். மேல் வால்வு திறக்கும்போது இந்தத் தட்டு சிறிய சுற்றின் வழியை மூடும். தெர்மோஸ்டாட் இல்லை என்றால் அந்த வழி எப்போதும் திறந்தே கிடக்கும். சூடான கூலன்டில் ஒரு பங்கு ரேடியேட்டருக்குப் போகாமலே இன்ஜினுக்குத் திரும்பிவிடும். ஆகவே சூடாகக் கூடாது என்று கழற்றிய அதே வண்டி, பர்லியார் ஏற்றத்தில் முழுச் சுமையோடு முதல் கியரில் ஏறும்போது கூடுதலாகச் சூடாகக்கூடும். குளிரிலும் குறை, ஏற்றத்திலும் குறை.

கழற்றாமல், 71 அல்லது 76 டிகிரியில் திறக்கும் வேறொன்றை மாட்டிவிடுவதும் சில இடங்களில் வழக்கமாக இருக்கிறது. அதுவும் வேண்டாம். உங்கள் இன்ஜினுக்குத் தயாரிப்பாளர் எந்த எண்ணைக் குறித்திருக்கிறாரோ அதே எண் உள்ளதையே வாங்குங்கள்.

வீட்டிலேயே இதை எப்படிக் கண்டுபிடிப்பது?

கருவி எதுவும் தேவையில்லை, கை போதும். இரவு முழுவதும் நின்ற காரில், காலையில் கிளப்புவதற்கு முன் பானட்டைத் திறந்து, இன்ஜினிலிருந்து ரேடியேட்டரின் மேல்பக்கத்துக்கு வரும் தடித்த ரப்பர் ஓஸைத் தொட்டுப் பாருங்கள். அது வெளிக்குளிரின் அளவுக்குச் சில்லென்று இருக்கும். வண்டியைக் கிளப்பி, நியூட்ரலில் வைத்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, ஒவ்வொரு நிமிடமும் அந்த ஓஸை ஒருமுறை தொடுங்கள். சுற்றும் பெல்ட்டுக்கும் ஃபேனுக்கும் அருகே கையோ, கழுத்தில் போட்ட மஃப்ளரோ, சேலைத் தலைப்போ போய்விடக் கூடாது. ஃபேன் எந்த நொடியிலும் தானாகச் சுழலத் தொடங்கலாம்.

தெர்மோஸ்டாட் நன்றாக இருந்தால் இன்ஜின் சூடாகிக்கொண்டே வரும்போதும் அந்த ஓஸில் பெரிய மாற்றம் தெரியாது. பிறகு திடீரென்று, ஓரிரு நிமிடத்துக்குள், கை வைக்க முடியாத சூட்டுக்கு வந்துவிடும். வால்வு திறந்த கணம் அது. மாறாக, கிளப்பிய இரண்டாவது நிமிடத்திலிருந்தே ஓஸ் வெதுவெதுப்பாகி, இன்ஜினோடு சேர்ந்து மெல்ல மெல்லச் சூடேறினால், வால்வு திறந்தபடி சிக்கியிருக்கிறது, அல்லது அங்கே தெர்மோஸ்டாட்டே இல்லை. நான் பட்டறையில், காரின் கணினி தரும் குறியீடுகளையும் எண்களையும் காட்டும் ஸ்கேனரை எடுப்பதற்கு முன் இந்தச் சோதனையைத்தான் செய்கிறேன். சில கார்களில் தெர்மோஸ்டாட் கீழ் ஓஸின் பக்கம் இருக்கும். அவற்றில் கீழ் ஓஸைத் தொட்டுப் பார்க்க வேண்டும்.

எந்த நிலையிலும் சூடான ரேடியேட்டரின் மூடியைத் திறக்க வேண்டாம். பிரஷர் குக்கரின் விசில் அடங்குவதற்கு முன் மூடியைத் திறப்பதைவிட அது ஆபத்தானது.

கழற்றிய தெர்மோஸ்டாட்டைக் கொதிநீரில் போட்டுச் சோதிக்கலாமா?

சோதிக்கலாம். ஆனால் மலையில் இருப்பவர்கள் ஒரு செய்தியைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 92 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதற்கு மேல் எவ்வளவு எரித்தாலும் சூடு ஏறாது. குக்கர் இல்லாமல் இங்கே துவரம் பருப்பு வேகாமல் படுத்துவது இதனால்தான். 88 டிகிரியில் திறக்கத் தொடங்கும் தெர்மோஸ்டாட், முழுவதும் திறக்க 100 டிகிரிக்கு அருகில் வேண்டும். ஆகவே நம் வீட்டுப் பாத்திரத்தில் அது ஓரிரு மில்லிமீட்டர் மட்டுமே திறந்து நின்றுவிடும். இதைப் பார்த்துவிட்டு, "புதிதாக வாங்கியதே கோளாறு" என்று கடையில் சண்டைக்குப் போனவர்கள் இருக்கிறார்கள்.

தெர்மோஸ்டாட்டைப் பாத்திரத்தின் அடியில் படாமல் நூலில் கட்டித் தொங்கவிட்டு, பக்கத்தில் ஒரு தெர்மாமீட்டரையும் வைத்து, தண்ணீரை மெதுவாகச் சூடாக்குங்கள். பொறித்த எண்ணுக்கு இரண்டு மூன்று டிகிரி முன்பின்னாகத் திறக்கத் தொடங்கினால் சரி. நம் குறைக்கு இதைவிட முக்கியமானது அது மூடுகிறதா என்பது: தண்ணீர் ஆறியபின் எடுத்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். விளிம்பில் வெளிச்சம் கசிந்தால் அது பயனற்றது. காற்று வெளியேறுவதற்காகத் தட்டில் வைத்திருக்கும் சிறு துளையைக் குறை என்று எண்ணிவிடாதீர்கள்; மாட்டும்போது அந்தத் துளை மேல்நோக்கி இருக்க வேண்டும்.

முள் நடுவில் சரியாக நிற்கிறது, ஆனால் ஹீட்டரில் குளிர்ந்த காற்றே வருகிறது. ஏன்?

இங்கே தெர்மோஸ்டாட்டின் மேல் பழியில்லை. முதலில் கூலன்டின் அளவைப் பாருங்கள். ஹீட்டர் பகுதி பல கார்களில் இன்ஜினைவிடச் சற்று உயரத்தில் இருப்பதால், கூலன்ட் ஒரு லிட்டர் குறைந்தாலும் முதலில் வற்றுவது அதுதான். கூலன்டை மாற்றிய மறுநாளிலிருந்து இந்தக் குறை தொடங்கியிருந்தால் உள்ளே காற்று அடைத்திருக்கிறது. முன்பக்கம் மேல்நோக்கி இருக்கும்படி ஒரு சரிவில் வண்டியை நிறுத்தி, ஆறிய இன்ஜினில் மூடியைத் திறந்துவைத்து, கிளப்பிய பின் ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, குமிழிகள் வருவது நிற்கும்வரை கூலன்டை ஊற்றிவந்தால் காற்று வெளியேறிவிடும். சரிவுக்கு நம் ஊரில் பஞ்சமில்லை. காற்றை வெளியேற்றத் தனித் திருகு உள்ள கார்களில் அதைத் தளர்த்திக்கொள்ள வேண்டும்.

அளவும் சரி, காற்றும் இல்லை என்றால், இன்ஜினுக்கும் டேஷ்போர்டுக்கும் இடையே உள்ள தகட்டைத் துளைத்துச் செல்லும் இரண்டு மெல்லிய ஓஸ்களைத் தொட்டுப் பாருங்கள். இரண்டும் சுட்டால் சூடு உள்ளே போய்த் திரும்புகிறது. டேஷ்போர்டுக்குள் காற்றைத் திருப்பும் மடலோ அதன் கேபிளோ கழன்றிருக்கும். ஒன்று சுட்டு மற்றொன்று குளிர்ந்திருந்தால் ஹீட்டர் குழாய்கள் துருவாலும் சுண்ணாம்பாலும் அடைத்திருக்கின்றன. எதிர்த்திசையில் தண்ணீர் பாய்ச்சிக் கழுவினால் பெரும்பாலும் திறந்துகொள்ளும். ஆண்டுக்கணக்கில் வெறும் தண்ணீர் ஊற்றி ஓட்டிய வண்டிகளில்தான் நான் இதை அதிகமாகப் பார்க்கிறேன்.

இதற்கு நேர்மாறாக, ஹீட்டரில் அனல் காற்று வருகிறது, முள் மட்டும் ஏறவில்லை.

அப்படியானால் இன்ஜின் சூடாகத்தான் இருக்கிறது. அதை அளக்கும் சென்சாரோ அதன் ஒயரோ பொய் சொல்கிறது. பல கார்களில் இந்தச் சென்சார் 20 டிகிரியில் 2,000 முதல் 3,000 ஓம் வரையும், 80 டிகிரியில் சுமார் 300 ஓமும் காட்டும். இணைப்பைக் கழற்றி மல்டிமீட்டரால் அளந்தால் ஐந்து நிமிடத்தில் விடை கிடைத்துவிடும். மழைக்காலத்துக்குப் பிறகு வரும் வண்டிகளில் இணைப்பின் பித்தளை முனைகள் பச்சைக் களிம்பு பிடித்திருப்பதைக் காண்கிறேன். சுத்தம் செய்தாலே பல நேரங்களில் சரியாகிவிடும்.

ரேடியேட்டர் ஃபேன் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கிறது. அதனாலும் தாமதமாகுமா?

தெர்மோஸ்டாட் நன்றாக மூடியிருந்தால் ஃபேன் ஓடினாலும் பெரிய வேறுபாடு இருக்காது. இரண்டும் சேர்ந்து பழுதானால்தான் வண்டி சூடேறவே மாட்டேன் என்று அடம்பிடிக்கும். ஃபேனுக்கு மின்சாரத்தைத் திறந்து மூடும் ரிலே ஒட்டிக்கொண்டிருக்கலாம். சென்சார் பழுதானால் பாதுகாப்புக்காகக் கணினியே ஃபேனை ஓடவிட்டிருக்கலாம். சமவெளியில் யாராவது சாவியைத் திருப்பியதும் ஃபேன் சுற்றும்படி நேரடியாக ஒயரை இணைத்துவிட்டும் இருக்கலாம். இது தெர்மோஸ்டாட்டைக் கழற்றுவதன் தம்பி. பெல்ட்டால் சுற்றும் ஃபேன் உள்ள பழைய டீசல் ஜீப்புகளில், நடுவில் உள்ள பிசுபிசுப்புத் திரவக் கிளட்ச் இறுகிப்போனால் ஃபேன் எப்போதும் முழு வேகத்தில் இரைச்சலோடு சுற்றும்.

ஸ்கேனரில் பி0128 என்று வருகிறது. என்ன பொருள்?

கிளப்பி இவ்வளவு நேரமாகியும், இவ்வளவு தூரம் ஓடியும், கூலன்ட் தெர்மோஸ்டாட்டின் சூட்டை எட்டவில்லை என்று கணினி கணக்குப் போட்டுச் சொல்லும் குறியீடு அது. தெர்மோஸ்டாட்டை மாற்று என்று அதற்குப் பொருள் இல்லை. கூலன்ட் குறைந்திருந்தாலும், சென்சார் தவறாகக் காட்டினாலும் இதே குறியீடு வரும். பி0117, பி0118 என்பவை சென்சாரின் மின்சுற்றைக் குறிப்பவை. அவையும் சேர்ந்து வந்தால் முதலில் ஒயரைப் பாருங்கள்.

குறியீட்டைவிட எனக்குப் பயன்படுவது ஸ்கேனரில் நேரடியாக ஓடும் எண்தான். இரவு முழுவதும் நின்ற காரில், கிளப்புவதற்கு முன் கூலன்ட் சூடும் உள்ளே இழுக்கும் காற்றின் சூடும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். காற்று 6 டிகிரி, கூலன்ட் 31 டிகிரி என்று காட்டினால் சென்சார் தவறு. இரண்டும் ஒத்திருந்து, ஓட்டும்போது 65-இல் ஏறி ஏறி இறங்கினால் தெர்மோஸ்டாட் தவறு.

மேட்டுப்பாளையம் இறங்கும்போது முள் கீழே போய்விடுகிறது. கோளாறா?

குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்குச் சுமார் 1,500 மீட்டர் உயரம் இறங்குகிறோம். கொண்டை ஊசி வளைவுகளில் இரண்டாம் கியரில், ஆக்சிலரேட்டரை விட்டபடி இறங்கும்போது புதிய கார்கள் எரிபொருளை முற்றிலும் நிறுத்திவிடும். எரிவது எதுவுமில்லை, ஹீட்டரும் போட்டிருந்தால் இருக்கும் சூட்டையும் அது உறிஞ்சும். ஆகவே முள் சற்று இறங்குவது இயல்புதான். நல்ல தெர்மோஸ்டாட் உடனே மூடிக்கொண்டு மிச்சச் சூட்டைக் காக்கும். பழுதானது காக்காது, முள் அடிவரை விழுந்துவிடும். முள் விழுகிறதே என்று நியூட்ரலில் மட்டும் இறங்கிவிடாதீர்கள். மலைச்சாலையில் கியர்தான் உங்கள் முதல் பிரேக்.

காலையில் 15 நிமிடம் நின்ற இடத்திலேயே ஓடவிட்டால் நல்லதுதானே?

இல்லை. சுமையில்லாத இன்ஜின் குறைவாகவே எரிக்கும், குறைவாக எரித்தால் மெதுவாகவே சூடேறும். சிறிய பெட்ரோல் காரில் அந்த 15 நிமிடத்துக்கு ஏறக்குறைய 200 மில்லி பெட்ரோல் போவதுதான் மிச்சம். ஆயில் மேலே ஏற அரை நிமிடம் விட்டு, பிறகு மெதுவாக ஓட்டத் தொடங்குங்கள். முதல் மூன்று நான்கு கிலோமீட்டருக்கு இன்ஜினை இரைய விடாமல், முழு ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் போனால் போதும். சோக் வைத்த பழைய கார்புரேட்டர் வண்டிகளுக்கு ஓரிரு நிமிடம் கூடுதலாகக் கொடுக்கலாம்.

கதவை மூடிய ஷெட்டுக்குள் இன்ஜினை ஓடவிடுவது உயிருக்கே ஆபத்து. குளிர்ந்த இன்ஜினின் புகையில் கார்பன் மோனாக்சைடு அதிகம். அதற்கு மணமில்லை, நிறமில்லை. குளிருக்குப் பயந்து ஷெட் கதவைச் சாத்திக்கொண்டு வண்டியைக் கிளப்புவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். வீட்டில் உள்ளவர்களுக்கும் சொல்லிவையுங்கள்.

டீசல் கார் ஏன் இன்னும் தாமதமாகச் சூடேறுகிறது?

டீசல் இன்ஜின் எரிபொருளைச் சிக்கனமாகப் பயன்படுத்துவதால் வீணாகும் சூடு குறைவு. குறைந்த சுமையில் தேவைக்கு மேல் காற்றை இழுத்துத் தள்ளுவதால் அதோடும் சூடு போகிறது. இரும்பின் எடையும் அதிகம். இது அதன் இயல்பு.

ஆனால் 2020 ஏப்ரலில் வந்த பிஎஸ்6 விதிகளுக்கு உட்பட்ட டீசல் கார்களில் இதை அலட்சியமாக விடக் கூடாது. அவற்றின் புகைக்குழாயில் கரியைப் பிடித்துவைக்கும் வடிகட்டி உண்டு. சேர்ந்த கரியை அவ்வப்போது எரித்துச் சுத்தம் செய்ய இன்ஜின் உரிய சூட்டில் இருக்க வேண்டும். தெர்மோஸ்டாட் திறந்தபடி சிக்கிய காரில், தினமும் வீட்டிலிருந்து மார்க்கெட்டுக்கும் மார்க்கெட்டிலிருந்து வீட்டுக்கும் மூன்று கிலோமீட்டர் மட்டும் ஓட்டினால் அந்தச் சுத்திகரிப்பு தொடங்குவதே இல்லை. கரி அடைத்து விளக்கு எரியும், பிறகு இழுவை குறையும். சிறிய கார்களில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு தெர்மோஸ்டாட்டை மாற்றாததால் வடிகட்டிக்குப் பல ஆயிரங்கள் செலவழித்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சிஎன்ஜி கார் வெகுதூரம் பெட்ரோலிலேயே ஓடுகிறது. தொடர்பு உண்டா?

உண்டு. பெரும்பாலான சிஎன்ஜி கார்கள் பெட்ரோலில் கிளம்பி, கூலன்ட் குறிப்பிட்ட சூட்டைத் தொட்ட பிறகே எரிவாயுவுக்கு மாறும். சூடேறத் தாமதமானால் மாறுவதும் தாமதமாகும்.

வெறும் தண்ணீர் ஊற்றினால் என்ன? கூலன்ட் கட்டாயமா?

கட்டாயம். தண்ணீர் 0 டிகிரியில் உறையும், உறையும்போது விரியும், அவலாஞ்சியிலோ தலைக்குந்தாவிலோ வெளியில் நிறுத்திய வண்டியில் முதலில் மெல்லிய ரேடியேட்டர் குழாய்கள் வெடிக்கும். எத்திலின் கிளைக்கால் கலந்த கூலன்டைத் தண்ணீரோடு சரிபாதியாகக் கலந்தால் மைனஸ் 37 டிகிரி வரை உறையாது. நம் மலைக்கு மூன்றில் ஒரு பங்கு கலந்தாலே போதும் என்றாலும், துருவையும் படிவையும் தடுப்பதற்காகச் சரிபாதியையே நான் சொல்வேன். கலப்பதற்குக் காய்ச்சி வடித்த தண்ணீரையே பயன்படுத்துங்கள். பச்சை, ஆரஞ்சு என்று வெவ்வேறு வகைகளை ஒன்றாக ஊற்றாதீர்கள்.

மூடியும் முக்கியம். ஏறக்குறைய 1 பார் அழுத்தத்தைத் தாங்கும் மூடி நல்ல நிலையில் இருந்தால், தண்ணீர் 92 டிகிரியில் கொதிக்கும் ஊட்டியிலும் கூலன்ட் 110 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காது. ரப்பர் வெடித்த மூடியோடு மலையேறினால், சூடே ஏறாத காலையும் கொதித்து வழியும் மதியமும் ஒரே நாளில் வாய்க்கும்.

ரேடியேட்டருக்கு முன்னால் சாக்குத் துணியோ அட்டையோ கட்டலாமா?

பழைய லாரி ஓட்டுநர்கள் செய்த வழக்கம் அது. அவர்கள் முள்ளிலிருந்து கண்ணை எடுக்காமல் ஓட்டினார்கள். இன்றைய காரில் ஏசியின் கண்டென்சரும் ரேடியேட்டருக்கு முன்னால்தான் இருக்கிறது. வேண்டாம்.

ஆயில் ஊற்றும் மூடிக்கு அடியில் வெண்ணெய் போல ஏதோ படிந்திருக்கிறது. சைலன்சரிலிருந்தும் தண்ணீர் சொட்டுகிறது. ஹெட் கேஸ்கெட் போய்விட்டதா?

பயப்பட வேண்டாம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது. குளிர்ந்த சைலன்சரில் பட்டு அது சொட்டாக விழுகிறது. அந்த ஆவியில் சிறிது ஆயில் பகுதிக்குள்ளும் புகும். இன்ஜின் முழுச் சூட்டுக்கு வந்தால் அது வெளியேறிவிடும். வராவிட்டால் ஆயிலோடு கலந்து வெண்ணிறக் கூழாக மூடியில் படியும். சூடேறாத வண்டியின் அடையாளங்களில் இதுவும் ஒன்று. ஆனால் ஆயில் அளக்கும் கம்பியிலும் அதே கூழ் இருந்து, கூலன்டும் வாரத்துக்கு வாரம் குறைந்தால், வண்டியை ஓட்டாமல் பட்டறைக்குத் தகவல் சொல்லுங்கள். அது ஹெட் கேஸ்கெட்டாக, அதாவது இன்ஜினுக்கும் அதன் மேல்மூடிக்கும் இடையே கசிவைத் தடுக்கும் தகடாக இருக்கலாம்.

ஆயில் மிகக் கெட்டியாக இருந்தாலும் குளிர்ந்த காலையில் வண்டி திணறும். கையேட்டில் 5டபிள்யூ-30 என்று இருந்தால், "மலைக்குக் கெட்டியானதுதான் நல்லது" என்று 20டபிள்யூ-50 ஊற்ற ஒப்புக்கொள்ளாதீர்கள்.

தெர்மோஸ்டாட்டை மாற்றியாயிற்று. சரியாகிவிட்டது என்று எப்படி உறுதிசெய்வது?

புதிய ரப்பர் வளையத்தோடு மாட்டப்பட்டதா என்று கேளுங்கள். பழைய தெர்மோஸ்டாட்டைக் கையில் வாங்கிப் பாருங்கள். புதிய கார்கள் சிலவற்றில் அது பிளாஸ்டிக் உறையோடு ஒரே துண்டாக வருவதால் விலை கூடும். அதற்காக உறையை அறுத்து ஒட்டுப்போடச் சம்மதிக்காதீர்கள். மறுநாள் காலையில், இரவெல்லாம் வெளியில் நின்ற வண்டியில் மேல் ஓஸ் சோதனையை மறுபடி செய்யுங்கள். பிறகு தொட்டபெட்டா ஏற்றத்தில் ஓட்டுங்கள். முள் நடுவுக்கு வந்தபின் அசையாமல் நிற்க வேண்டும், இறங்கி வரும்போதும் சற்றே மட்டும் தாழ வேண்டும். ஆறிய பின் கூலன்டின் அளவைப் பார்த்து, குறைந்திருந்தால் நிரப்புங்கள். காற்று வெளியேறியதால் முதல் ஓட்டத்தில் சிறிது குறைவது வழக்கம். மூன்று நாள் கழித்தும் குறைந்துகொண்டே போனால் உறையின் இணைப்பில் கசிவு இருக்கிறது, அன்றே வண்டியைத் திரும்பக் கொண்டுவாருங்கள். அந்த ஆசிரியையின் காருக்குத் தெர்மோஸ்டாட்டை மாட்டி, ரேடியேட்டரையும் கழுவிக் கொடுத்தோம். பத்து நாள் கழித்துப் பெட்ரோல் போட்ட கணக்கோடு வந்தார், மைலேஜ் 16 இருந்தது.